வெளிச் சேவைகளுக்குப் போலி வைத்து டெஸ்ட் செய்வது எப்படி, எதுவரை?

கேள்வி சுருக்கமாக இதுதான். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வியாபாரிகளுக்காக ஒரு சிறிய குழு பில்லிங் மென்பொருள் எழுதுகிறது. அந்த மென்பொருள் வெள்ளி விலையை ஒரு வெளிச் சேவையிடம் கேட்கிறது. அரசின் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் தளத்தில் பில்லைப் பதிகிறது. பணம் வாங்க, ஆன்லைன் கட்டணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயை அழைக்கிறது. எல்லாம் முடிந்ததும் வாடிக்கையாளருக்குத் தமிழில் எஸ்எம்எஸ் போகிறது. டெஸ்ட் ஓட்டும்போதெல்லாம் இந்த நான்கில் ஏதாவது ஒன்று பதில் தராமல் போக, டெஸ்ட் விழுகிறது. எல்லாவற்றையும் மாக் செய்துவிடலாம், அதாவது உண்மைச் சேவைக்குப் பதில் போலியை வைத்துவிடலாம் என்கிறார் ஒருவர். அப்படிச் செய்தால் டெஸ்ட் பாஸ் ஆகும், கடையில் மென்பொருள் விழும் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

மாக் செய்யத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டாமவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அந்தப் பயத்துக்கு இடம் கொடுத்துத்தான் போலியை எழுத வேண்டும்.

முதலில், ஏன் வேண்டும் என்பது. ஒரு டெஸ்ட் விழுந்தால் நம் கோடில் தப்பு என்று அர்த்தம் ஆக வேண்டும். எங்கோ ஒரு சர்வர் பராமரிப்பில் இருந்ததால் விழுந்தது என்றால், குழுவில் எல்லோரும் "இன்னொரு தடவை ஓட்டிப் பார்" என்று பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கம் வந்தபின் உண்மையான பிழையால் டெஸ்ட் விழுந்து சிவப்பு காட்டினாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இன்னொரு காரணம், வெள்ளி விலை தினமும் மாறுவது. 240 கிராம் கொலுசின் பில் தொகை சரியா என்று பார்க்கும் டெஸ்டுக்கு விலை நிலையாக இருந்தாக வேண்டும். டெஸ்ட் ஓட்டியதால் யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு "உங்கள் ஆர்டர் தயார்" என்று எஸ்எம்எஸ் போய்விடும் அபாயத்தையும் மறக்கக் கூடாது. அதனால் டெஸ்ட் ஓடும்போது வெளி நெட்வொர்க்கை மொத்தமாக அடைத்துவிடுங்கள். பைத்தானில் பைடெஸ்ட்-சாக்கெட் என்ற சிறிய பிளகின் இதைச் செய்யும். மாக் செய்ய மறந்த ஒரு அழைப்பு வெளியே போக முயன்றால் அந்த நொடியே டெஸ்ட் விழும், எது மறந்துபோனது என்று உடனே தெரியும்.

சரி, போலியை எங்கே வைப்பது? பல குழுக்கள் கோலம் கெடுவது இந்த இடத்தில்தான். இணையம் வழியே கோரிக்கை அனுப்பும் எச்டிடிபி லைப்ரரியின் கெட், போஸ்ட் செயல்பாடுகளை ஒவ்வொரு டெஸ்டிலும் தனித்தனியாக மாக் செய்தால், நாளைக்கு லைப்ரரியை மாற்றும்போது நூறு டெஸ்ட் ஒன்றாக விழும். கோடில் எந்தத் தப்பும் இருக்காது. அதற்குப் பதில், ஒவ்வொரு வெளிச் சேவைக்கும் உங்கள் கோடில் ஒரே ஒரு வாசல் வையுங்கள். வெள்ளி விலைக்கு ஒரு மாட்யூல், அதில் "இன்றைய கிராம் விலை" என்று ஒரு செயல்பாடு. பில் போடும் பகுதிக்கு எச்டிடிபி என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை. பில் கணக்கைச் சோதிக்கும்போது அந்த மாட்யூலையே எடுத்துவிட்டு, நீங்கள் கையால் எழுதிய போலியை அங்கே பொருத்துங்கள். மாட்யூலைச் சோதிக்கும்போது மட்டும் எச்டிடிபி மட்டத்தில் போலி வையுங்கள். முதல் வகை டெஸ்டுகள் நிறைய இருக்கும், வேகமாக ஓடும். இரண்டாம் வகை கொஞ்சம்தான்.

அந்த இரண்டாம் வகைக்குக் கருவிகள் நிறைய உண்டு. பைத்தானில் ரிக்வெஸ்ட்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ரெஸ்பான்ஸஸ், நோட் ஜேஎஸ்ஸில் நாக், ஜாவாவில் வயர்மாக். ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ரெஸ்பான்ஸஸ் போன்றவை லைப்ரரிக்குள்ளேயே அழைப்பைப் பிடித்துவிடும், ஒரு பைட் கூட வெளியே போகாது. வயர்மாக் உண்மையிலேயே ஒரு சர்வராக உங்கள் கணினியில் ஓடும். பதிலைத் தாமதப்படுத்தச் சொல்லலாம், நடுவில் இணைப்பை அறுக்கச் சொல்லலாம், குப்பையான பதிலை அனுப்பச் சொல்லலாம். பைத்தான் குழுவும் அதைத் தனியாக ஓட்டிப் பயன்படுத்திக்கொள்ளலாம். டைம்அவுட், அதாவது இத்தனை நொடிக்குமேல் பதிலுக்குக் காத்திருக்காதே என்ற வரம்பு, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இந்த மாதிரி உண்மைச் சர்வர்தான் வேண்டும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு நீங்கள் சொல்லாவிட்டால் டைம்அவுட்டே கிடையாது. எதிர்முனை பதில் தராமல் இருந்தால் காத்துக்கொண்டே நிற்கும். லைப்ரரிக்குள் பிடிக்கும் போலி உடனே பதில் கொடுத்துவிடுவதால் இந்த ஓட்டை கடைசிவரை கண்ணில் படாது.

பைத்தானோடு வரும் மாக் பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் சம்மதம் சொல்லும். செயல்பாட்டின் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதினாலும், இரண்டு மதிப்பு தர வேண்டிய இடத்தில் ஐந்து தந்தாலும் டெஸ்ட் பச்சையாகவே இருக்கும். ஆட்டோஸ்பெக் என்ற வசதியைச் சேர்த்தால் உண்மையான பொருளில் இல்லாத எதையும் அது ஏற்காது. அதில்லாமல் மாக் எழுதவே வேண்டாம் என்பது என் கருத்து.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பெரும்பாலான குழுக்கள் எழுதும் போலி எப்போதும் வெற்றியையே திருப்பித் தரும். பில் பதிவாயிற்று, பணம் வந்தது, எஸ்எம்எஸ் போயிற்று. இதனால் கிடைக்கும் பயன் குறைவு. உண்மைச் சேவை ஒழுங்காக வேலை செய்யும் நாளில் உங்கள் மென்பொருளும் ஒழுங்காகத்தான் ஓடும். அது தடுமாறும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் சோதிக்க வேண்டும். உண்மைச் சேவையை வேண்டும் என்கிறபோது தடுமாறச் செய்ய முடியாது, போலியைச் செய்ய முடியும். மாக் செய்வதன் பெரிய லாபமே அதுதான்.

தடுமாற்றத்தில் மிக மோசமானது எது என்று கேட்டால், கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வராமல் போவது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். உங்கள் வாடிக்கையாளரின் விற்பனையாள் ஒருவர் மலைமேல் கடைக்குச் சரக்கு கொண்டுபோகும் வழியில், வண்டியில் இருந்தபடியே போனில் பில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டனைத் தட்டும்போது சிக்னல் இருந்தது. கோரிக்கை இ-இன்வாய்ஸ் தளத்துக்குப் போய், பில் பதிவாகி, ஐஆர்என் என்ற எண்ணும் உருவாகிவிட்டது. அடுத்த வளைவில் சிக்னல் போனது. பதில் வரவே இல்லை. உங்கள் மென்பொருளைப் பொறுத்தவரை அது டைம்அவுட். அவர் மறுபடியும் தட்டுகிறார். இப்போது என்ன நடக்கும்?

ஐஆர்என் என்பது விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகிய நான்கையும் சேர்த்து எஸ்எச்ஏ-256 என்ற கணக்கு முறையில் உருவாக்கும் 64 எழுத்துக் குறியீடு. அதே பில்லை மறுபடி அனுப்பினால் அதே குறியீடுதான் வரும். ஏற்கெனவே பதிவானது என்று தளம் 2150 என்ற பிழை எண்ணோடு மறுத்துவிடும். வெற்றியை மட்டும் தரும் போலியை வைத்துச் சோதித்த மென்பொருள் இதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு "பில் பதிவாகவில்லை" என்று காட்டும். அவர் பில் எண்ணை மாற்றி மூன்றாவது முறை அனுப்புவார். ஒரே சரக்குக்கு இரண்டு பில் அரசிடம் பதிவாகி நிற்கும். பதிவானதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் ஐஆர்என்னை ரத்து செய்யலாம். அது தாண்டினால் கிரெடிட் நோட், ஆடிட்டர், அலைச்சல்.

சரியான நடத்தை என்ன? 2150 வந்தால் அதை வெற்றியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிழைப் பதிலிலேயே முன்பு உருவான ஐஆர்என் கூடவே வரும். அதை எடுத்து, நம் பில்லுக்கு உரியதுதானா என்று பார்த்துச் சேமிக்க வேண்டும். இதைச் சோதிக்க, நினைவாற்றல் உள்ள ஒரு போலி வேண்டும். ஒரு சிறிய கிளாஸ் எழுதுங்கள். வந்த ஆவண எண்களை ஒரு பட்டியலில் வைத்துக்கொள்ளட்டும். முதல் முறை வந்தால் ஐஆர்என் தரட்டும், மறுமுறை அதே எண் வந்தால் 2150 தரட்டும். கூடவே "இந்த முறை பதிவு செய், ஆனால் பதில் தராதே" என்று அதற்குச் சொல்ல ஒரு சுவிட்ச் இருக்கட்டும். ஐம்பது வரிக்குள் முடிந்துவிடும். "இந்தச் செயல்பாடு ஒரு முறை கூப்பிடப்பட்டதா" என்று மட்டும் எண்ணிப் பார்க்கும் மாக் நூறு எழுதுவதைவிட இந்த ஒரு போலி மேல். எண்ணிப் பார்க்கும் டெஸ்ட் பெரும்பாலும் உங்கள் கோடையே இன்னொரு தரம் எழுதிவைப்பதுதான். கோடு தப்பாக இருந்தால் டெஸ்டும் அதே தப்போடு பாஸ் ஆகும்.

பேமென்ட்டிலும் இதே கதைதான், திசை மட்டும் வேறு. அங்கே கேட்வே நம்மை அழைக்கும், வெப்ஹூக் என்பது அது. ஒரே செய்தி இரண்டு முறை வரலாம், வரிசை மாறியும் வரலாம். ஆகவே ஒரே வெப்ஹூக்கை இரண்டு முறை அனுப்பி, ரசீது ஒன்றுதான் உருவாகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் கட்டாயம். செய்தி கேட்வேயிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் வெப்ஹூக்கின் கையொப்பத்தை மாக் செய்து "சரி" என்று விட்டுவிடாதீர்கள். டெஸ்டுக்கென்று ஒரு ரகசியச் சாவி வைத்து, அந்தச் சாவியால் போடும் எச்மேக் என்ற கையொப்பத்தை உண்மையாகவே கணக்கிட்டு அனுப்புங்கள். கையொப்பம் வந்த பைட்டுகளின்மேல் போடப்படுவது. செய்தி வரும் வடிவமான ஜேசனைப் பிரித்துவிட்டு மறுபடி எழுதிச் சரிபார்த்தால் ஓர் இடைவெளி மாறினாலும் பொருந்தாது. பைத்தான் தன் வழக்கப்படி தமிழ் எழுத்துகளை எல்லாம் யூ என்று தொடங்கும் குறியீடுகளாக மாற்றித்தான் ஜேசன் எழுதும் என்பதால் தமிழ்ப் பெயருள்ள வாடிக்கையாளரிடம் உடைய வாய்ப்பு அதிகம். போலி கையொப்பத்தைத் தாண்டிக் குதித்தால் இந்தப் பிழை கடையில்தான் தெரியவரும்.

போலியில் வைக்கும் தரவைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. விலை 100, எடை 10, பெயர் டெஸ்ட் என்று எழுதிவிடுகிறார்கள். வெள்ளி விலையைச் சில சேவைகள் கிராமுக்குத் தரும், சில கிலோவுக்கு, வெளிநாட்டுச் சேவைகள் 31.1035 கிராம் கொண்ட டிராய் அவுன்ஸுக்கு. எந்த அளவு என்பதும் போலியின் பதிலில் இருக்க வேண்டும். அதோடு முழு எண் அல்லாத, வழக்கத்துக்கு வராத ஒரு விலையைப் போடுங்கள். கேட்வேக்குத் தொகையைப் பைசாவில் அனுப்ப வேண்டியிருக்கும். 19.99 ரூபாயை மிதவைப் புள்ளி எண்ணாக (கணினி தோராயமாகவே வைத்துக்கொள்ளும் தசம எண்ணாக) வைத்து 100-ஆல் பெருக்கினால் 1998.9999999999998 என்று வரும். அதை முழு எண்ணாக வெட்டினால் ஒரு பைசா காணாமல் போகும். எந்தத் தொகை வந்தாலும் தலையாட்டும் போலி இதைக் காட்டிக்கொடுக்காது. நாம் அனுப்பிய தொகையைப் போலி திருப்பிச் சொல்ல வேண்டும், அதை டெஸ்ட் பார்க்க வேண்டும்.

தமிழ் எழுத்துக்கு இன்னும் ஒரு கவனம் தேவை. கொலுசு என்ற சொல்லில் வரும் "கொ"வின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிட்டுப் பார்த்தால் வேறு வேறு. வெளிச் சேவை ஒரு வடிவில் அனுப்பி, உங்கள் தரவுத்தளத்தில் மற்றது இருந்தால் பொருள் கிடைக்கவில்லை என்றே பதில் வரும். போலியின் பதில்களில் இரண்டு வடிவத்தையும் வேண்டுமென்றே கலந்து வையுங்கள். உள்ளே வரும் இடத்தில் ஒரே வடிவத்துக்கு மாற்றும் பழக்கம் தானாக வந்துவிடும்.

எஸ்எம்எஸ் போலியும் கொஞ்சம் கண்டிப்பானதாக இருக்க வேண்டும். தமிழில் அனுப்பும் ஒரு தனிச் செய்திக்கு 70 இடம்தான். அதைத் தாண்டினால் 67, 67 ஆகப் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் காசு. நம் கண்ணுக்கு நாலெழுத்தாகத் தெரியும் "ஏற்காடு" அங்கே 7 இடம் பிடிக்கும், புள்ளிக்கும் காலுக்கும் உகரக் குறிக்கும் தனித்தனி இடம். அப்புறம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎல்டி விதி. வணிகச் செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், அதிலிருந்து மாறினால் செய்தி போகாது. உங்கள் கோடு "நன்றி"க்குப் பின் ஒரு புள்ளி சேர்த்தாலே போதும், நின்றுவிடும். ஆகவே போலி, பதிவு செய்த வாசகத்தை வைத்துக்கொண்டு, பொருந்தாத செய்தியை மறுக்கட்டும். இதை எழுத அரை மணி நேரம் ஆகும். இது இல்லாத குழுவில் யாரோ ஒருவர் வாசகத்தை அழகுபடுத்திவிட்டு, எஸ்எம்எஸ் ஏன் போகவில்லை என்று இரண்டு நாள் தேடுவார்.

நேரத்தையும் வெளிச் சேவையாகவே கருதுங்கள். கணினியின் கடிகாரத்தைக் கோடு நேரடியாகக் கேட்காமல் ஒரு வாசல் வழியாகக் கேட்கட்டும். டெஸ்ட் ஓட்டும் கிளவுட் சர்வர்கள் பொதுவாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். இங்கே ஏப்ரல் 1 நள்ளிரவு 12.30 என்றால் அங்கே மார்ச் 31 மாலை 7 மணி. பில் தேதியை சர்வர் கடிகாரத்திலிருந்து எடுத்தால் நிதியாண்டே மாறிவிடும், நிதியாண்டு மாறினால் ஐஆர்என்னும் மாறும். இந்த ஒரு கணத்துக்கென்று தனியாக ஒரு டெஸ்ட் எழுதலாம். 24 மணி நேர ரத்துக் கெடுவையும் இதே போலிக் கடிகாரத்தில் ஒரு நாளைத் தள்ளிவைத்துச் சோதிக்கலாம்.

இனி இரண்டாமவரின் பயத்துக்கு வருவோம். போலி என்பது வெளிச் சேவை இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நீங்கள் ஒரு நாள் நம்பியது. சேவை மாறினால் போலிக்குத் தெரியாது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இ-இன்வாய்ஸிலேயே இருக்கிறது. 2025 ஜூன் 1 முதல், ஆவண எண்ணில் உள்ள ஆங்கிலச் சிற்றெழுத்துகளைப் பேரெழுத்தாக மாற்றிய பிறகே ஐஆர்என் உருவாக்கப்படுகிறது. அதற்கு முன் வேறு வேறாக இருந்த இரண்டு பில் எண்கள் அன்றிலிருந்து ஒன்றாகிவிட்டன. மே மாதம் எழுதிய போலி இன்றும் அவற்றை இரண்டாகவே எண்ணி டெஸ்டை பாஸ் செய்துகொண்டிருக்கும்.

இதற்காக உண்மைச் சேவையின் சாண்ட்பாக்ஸை, அதாவது சோதித்துப் பார்க்க அந்தச் சேவையே தரும் தனித் தளத்தை, அழைக்கும் சில டெஸ்டுகளைத் தனியாக வையுங்கள். பத்து இருந்தால் போதும். இவை கோடு சேர்க்கும் ஒவ்வொரு முறையும் ஓட வேண்டாம், தினம் விடியற்காலை ஒரு முறை ஓடட்டும். விழுந்தால் யாருடைய வேலையும் நிற்கக் கூடாது, குழுவுக்கு ஒரு செய்தி மட்டும் வரட்டும். உருக்கிய வெள்ளியில் ஓரத்தில் கொஞ்சம் எடுத்து டச் (தூய்மை) பார்ப்பது போன்ற வேலை இது. முழுக் கட்டியையும் சோதிக்க வேண்டியதில்லை, ஆனால் பார்க்காமல் விடவும் முடியாது. இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்தப் பத்து டெஸ்டையும் போலியின்மீதும் ஓட்டுங்கள், சாண்ட்பாக்ஸின்மீதும் ஓட்டுங்கள். கோடு ஒன்றே, எதிரில் இருப்பது மட்டும் வேறு. போலியில் பாஸ் ஆகி சாண்ட்பாக்ஸில் விழுந்தால் போலி பழையதாகிவிட்டது என்று அர்த்தம். எந்த இடத்தில் என்பதையும் அதுவே சொல்லும்.

சாண்ட்பாக்ஸையே எல்லா டெஸ்டுக்கும் பயன்படுத்தினால் போலியே வேண்டாமே என்று கேட்கலாம். அப்படிச் செய்ய வேண்டாம். சாண்ட்பாக்ஸ் மெதுவானது, அடிக்கடி நின்றுபோகும், பிறர் போட்ட தரவும் உள்ளே கிடக்கும். சிக்னல் அறுந்த நிலையை அது உங்களுக்காக நடித்தும் காட்டாது.

உண்மைப் பதில்களைப் பதிவு செய்து திரும்ப ஓட்டும் கருவிகளும் உண்டு. ரூபியில் விசிஆர், பைத்தானில் விசிஆர்பை. புதுச் சேவையோடு முதன்முதலில் பழகும்போது இவை மிக உதவும், ஆவணத்தில் எழுதாத ஃபீல்டுகள் எல்லாம் கண்ணில் படும். ஆனால் பதிவுக் கோப்பில் ஏபிஐ சாவி (சேவையை அழைக்கத் தரும் ரகசியக் குறியீடு), வாடிக்கையாளரின் போன் எண், ஜிஎஸ்டி எண் எல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கும். கோடின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் சேர்க்கும் முன் அவற்றை மறைக்கும் வடிகட்டியை அமைத்துவிடுங்கள். ஒரு தரம் கிட்டுக்குள் போன சாவியை அழித்தாலும் பழைய வரலாற்றில் இருக்கும், சாவியையே மாற்றித்தான் ஆக வேண்டும். பதிவு செய்வதை உண்மையான கணக்கில் செய்யாமல் சாண்ட்பாக்ஸ் கணக்கில் செய்தால் இந்தக் கவலை பாதி குறையும்.

உங்கள் குழு எங்கே தொடங்கலாம் என்றால், இ-இன்வாய்ஸிலிருந்து தொடங்குங்கள். நான்கில் தப்பு நடந்தால் அதிகம் வலிப்பது அதுதான். இந்த வாரம் அதற்கு ஒரு வாசல் மாட்யூல், நினைவாற்றல் உள்ள ஒரு போலி, "பதிவானது, பதில் வரவில்லை" என்ற ஒரு டெஸ்ட். அது பாஸ் ஆன பிறகு பேமென்ட் வெப்ஹூக், பிறகு எஸ்எம்எஸ். வெள்ளி விலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம், அதற்குப் போலி எழுத ஒரு மாலை நேரம் போதும்.